சமுதாயக் கல்லூரியில் வேதியியல் கல்வி

ஐக்கிய அமெரிக்காவின் ஈராண்டுக் கல்லூரிகள் சமுதாயக் கல்லூரிகள் எனப்படுகின்றன. இளநிலைப் பட்டப் படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளுக்குரிய வேதியியல் பாடங்கள் இவற்றில் கற்பிக்கப்படுகின்றன. இங்கு படித்து முடிக்கும் மாணவர் நான்காண்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் நேரடியாக மூன்றாம் ஆண்டில் சேர்ந்து பட்டத்தை நிறைவு செய்யலாம். செவிலியர், மருத்துவம், மருந்தியல், பொறியியல், உயிரியல் ஆகிய துறைகளுக்குச் செல்ல விரும்புவோரும் இப்பாடங்களைப் படிக்கின்றனர்.

உயர்நிலைப் பள்ளியை முடித்த எவரும் சமுதாயக் கல்லூரியில் சேரலாம். மதிப்பெண் தரவரிசையோ போட்டித் தேர்வோ கிடையாது. ஆனால் கல்லூரியில் இடம் கிடைப்பதும் வேதியியல் வகுப்பில் இடம் கிடைப்பதும் ஒன்றல்ல. வேதியியல் பாடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டவை. ஒரு படியைத் தவறவிட்டால் அடுத்த படியில் கால்வைக்க முடியாது. எனவே இரண்டு ஆண்டுகளில் முடியுமா, மூன்று ஆண்டுகள் ஆகுமா என்பதைப் பெரும்பாலும் மாணவர் முதல் பருவத்தில் எந்தப் பாடத்தில் சேர்கிறார் என்பதே தீர்மானிக்கிறது.

தமிழ்நாட்டிலும் 1990-களிலிருந்து சமுதாயக் கல்லூரி என்ற பெயரில் நிறுவனங்கள் இயங்கி வருகின்றன. அவை பெரும்பாலும் குறுகிய காலத் தொழிற்பயிற்சி அளிப்பவை. அவற்றில் படித்துவிட்டு வேதியியல் இளநிலைப் பட்டத்தின் மூன்றாம் ஆண்டில் சேர இயலாது. பலதொழில்நுட்பக் கல்லூரியில் பட்டயம் பெற்றவர் பொறியியல் பட்டப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் முறையே அமெரிக்க முறைக்கு ஓரளவு நெருக்கமானது.

வரலாறு

இன்றும் இயங்கிவரும் பொதுச் சமுதாயக் கல்லூரிகளில் மிகப் பழையது இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் இளநிலைக் கல்லூரி. இது 1901-ஆம் ஆண்டில் 6 மாணவர்களுடன் தொடங்கியது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும் ஜோலியட் நகரப் பள்ளிக் கண்காணிப்பாளர் ஸ்டான்லி பிரவுனும் இதற்கு வித்திட்டவர்கள். பல்கலைக்கழகப் படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளை ஊரிலேயே படிக்கலாம், பிறகு பல்கலைக்கழகத்துக்குச் செல்லலாம் என்பதே அவர்களின் திட்டம்.

1944-ஆம் ஆண்டின் படைவீரர் நலச் சட்டம் போரிலிருந்து திரும்பிய லட்சக்கணக்கானோரின் கல்விச் செலவை அரசே ஏற்கச் செய்தது. குடியரசுத் தலைவர் ட்ரூமன் அமைத்த உயர்கல்வி ஆணையம், 1947-இல் நாடெங்கும் இத்தகைய கல்லூரிகளைப் பெருக்கப் பரிந்துரைத்தது. சமுதாயக் கல்லூரி என்ற பெயர் பரவியதும் அந்த அறிக்கைக்குப் பிறகுதான். கலிபோர்னியா 1960-இல் வகுத்த உயர்கல்விப் பெருந்திட்டம், ஈராண்டுக் கல்லூரிகளிலிருந்து மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குச் செல்லும் வழியை முறைப்படுத்தியது. இன்று 116 கல்லூரிகளைக் கொண்ட கலிபோர்னியச் சமுதாயக் கல்லூரி அமைப்பே நாட்டில் மிகப் பெரியது. கீழே தரப்படும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அந்த மாநிலத்தைச் சேர்ந்தவை.

வேதியியல் பாடங்களின் வகைகள்

ஒரே கல்லூரியில் வேதியியல் என்ற பெயருடன் நான்கைந்து வகைப் பாடங்கள் நடத்தப்படும். அவற்றின் வேறுபாட்டை அறியாமல் பதிவு செய்வது புதிய மாணவர்களிடம் பரவலாகக் காணப்படும் சிக்கலாகும்.

பொதுக் கல்விக்கான வேதியியல்: அறிவியல் அல்லாத துறைகளின் மாணவர்கள் பட்டத்துக்குத் தேவையான ஓர் அறிவியல் பாடத்தை நிறைவு செய்ய இதைப் படிப்பர். கணக்குகள் குறைவு. வேதியியல் பட்டத்துக்கு இது உதவாது.

உடல்நலத் துறையினருக்கான வேதியியல்: பொது, கரிம, உயிர் வேதியியலின் அடிப்படைகளைச் சுருக்கித் தரும் பாடம். செவிலியர் படிப்புக்குச் செல்பவர்களுக்கு ஏற்றது. மருத்துவராகவோ மருந்தாளுநராகவோ விரும்புபவர் இதைப் படித்தால், பொது வேதியியலை மீண்டும் முழுமையாகப் படிக்க வேண்டியிருக்கும்.

அறிமுக வேதியியல்: பள்ளியில் வேதியியல் படிக்காதவர்களையும் படித்து மறந்தவர்களையும் பொது வேதியியலுக்குத் தயார்படுத்துவது. ஒரு பருவம் நடக்கும். அலகு மாற்றம், மோல் கருத்து, சமன்பாடுகளைச் சமன் செய்தல், சேர்மங்களுக்குப் பெயரிடுதல் ஆகியவை இதில் இடம்பெறும்.

பொது வேதியியல்: அறிவியல், பொறியியல் மாணவர்களுக்கான முதன்மைப் பாடம். இரண்டு பருவங்கள் கொண்டது. பெரும்பாலான கலிபோர்னியக் கல்லூரிகளில் 1ஏ, 1பி என எண்ணிடப்பட்டிருக்கும். முதல் பருவத்தில் அணு அமைப்பு, பிணைப்பு, வினைக்கூறு விகிதங்கள், வாயுக்கள், வெப்ப வேதியியல் ஆகியவை வரும். இரண்டாம் பருவத்தில் வினைவேகம், வேதிச் சமநிலை, அமிலம் காரம், வெப்ப இயக்கவியல், மின்வேதியியல் ஆகியவை தொடரும்.

கரிம வேதியியல்: பொது வேதியியலின் இரண்டு பருவங்களையும் முடித்த பிறகே இதில் சேரலாம். இதுவும் இரண்டு பருவங்கள். வினை வழிமுறைகள், முப்பரிமாண அமைப்பு, தொகுப்பு முறைகள், நிறமாலை கொண்டு அமைப்பைக் கண்டறிதல் ஆகியவை இதன் மையப் பகுதிகள்.

பாட வரிசையும் காலக் கணக்கும்

வேதியியலைப் பட்டப் பாடமாக எடுக்க விரும்பும் மாணவர் பல்கலைக்கழகம் செல்லும் முன் பொது வேதியியல் இரண்டு பருவங்களையும் கரிம வேதியியல் இரண்டு பருவங்களையும் முடித்திருப்பது நல்லது. இவை நான்கும் வரிசையில் மட்டுமே வரும். ஒரே பருவத்தில் இரண்டைச் சேர்த்துப் படிக்க முடியாது. ஆண்டுக்கு இரண்டு முதன்மைப் பருவங்கள். ஆகவே நான்கு பாடங்களுக்கு நான்கு பருவங்கள், அதாவது சரியாக இரண்டு ஆண்டுகள் தேவை. இந்தக் கணக்கில் ஒரு பருவம்கூட உபரியாக இல்லை.

அறிமுக வேதியியலில் தொடங்குபவருக்கு இது ஐந்து பருவங்களாகிறது. சிறிய கல்லூரிகளில் கரிம வேதியியலின் முதல் பகுதி இலையுதிர் பருவத்தில் மட்டும் நடத்தப்படும். அங்கே பொது வேதியியலை இலையுதிர் பருவத்தின் முடிவில் நிறைவு செய்பவர், அடுத்த இலையுதிர் பருவம் வரை காத்திருக்க வேண்டும். இலையுதிர் பருவத்தில் அறிமுக வேதியியலைத் தொடங்கியவர் வசந்தத்தில் 1ஏ, அடுத்த இலையுதிரில் 1பி என முடிப்பார். அதற்கடுத்த வசந்தத்தில் அவருக்கு வேதியியல் வகுப்பே இராது. கரிம வேதியியலின் இரண்டு பருவங்களும் மூன்றாம் ஆண்டில்தான் அமையும். ஒரு பாடத்தைக் கீழ்ப்படியில் தொடங்கியதன் விலை இங்கே ஓராண்டு.

கணிதமும் இதே போன்ற வரிசை கொண்டது. பொது வேதியியலுக்கு இடைநிலை இயற்கணிதமாவது தெரிந்திருக்க வேண்டும். பட்டப் படிப்புக்கு நுண்கணிதமும், நுண்கணிதம் சார்ந்த இயற்பியலும் தேவை. நுண்கணிதத்தைத் தொடங்காமல் இயற்பியலில் சேர முடியாது. எனவே வேதியியல், கணிதம், இயற்பியல் என்ற மூன்று வரிசைகளை ஒரே நேரத்தில் நகர்த்த வேண்டியிருக்கிறது. பொதுக் கல்விப் பாடங்களை முதலில் முடித்துவிட்டு அறிவியலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது வேறு துறைகளுக்குப் பொருந்தலாம். வேதியியல் மாணவருக்கு அது கேடாகவே முடியும். வரலாறு, இலக்கியம் போன்ற பாடங்களை எந்தப் பருவத்திலும் படிக்கலாம். பொது வேதியியலை அப்படித் தள்ளிப்போட முடியாது.

பள்ளியில் வேதியியல் படித்தவர் அறிமுகப் பாடத்தைத் தாண்டி நேரடியாக 1ஏ பாடத்தில் சேர வழி உண்டு. பல கல்லூரிகள் இதற்கென ஒரு தகுதிகாண் தேர்வை நடத்துகின்றன. அமெரிக்க வேதியியல் கழகத்தின் தேர்வு நிறுவனம் வெளியிடும் கலிபோர்னிய வேதியியல் அறிதேர்வு அவற்றுள் ஒன்று. மோல் கணக்குகளையும் அடிப்படை இயற்கணிதத்தையும் சில வாரங்கள் திரும்பப் படித்துவிட்டு இத்தேர்வை எழுதினால் ஒரு பருவம் மிச்சமாகலாம். அதேவேளை, அடிப்படை உறுதியாக இல்லாதவர் அறிமுகப் பாடத்தைத் தவிர்ப்பது சரியல்ல. 1ஏ பாடத்தில் தோல்வியுற்றால் இழப்பது அதே ஒரு பருவத்தைத்தான். அத்துடன் மதிப்பெண் பட்டியலில் அந்தத் தோல்வியும் பதிந்துவிடும்.

கிரெடிட்டும் வார நேரமும்

பாடத்தின் அளவு கிரெடிட் என்ற அலகால் குறிக்கப்படுகிறது. விரிவுரையில் வாரத்துக்கு 1 மணி நேர வகுப்பும் அதற்காக வீட்டில் 2 மணி நேரப் படிப்பும் சேர்ந்தது 1 கிரெடிட். ஆய்வகத்தில் வாரத்துக்கு 3 மணி நேரப் பணி 1 கிரெடிட்.

கலிபோர்னியாவில் பொது வேதியியல் பொதுவாக 5 கிரெடிட் கொண்டது. அதாவது வாரத்துக்கு 3 மணி நேர விரிவுரை, 6 மணி நேர ஆய்வகம், 6 மணி நேர வீட்டுப் படிப்பு. மொத்தம் 15 மணி நேரம். ஒரு பருவத்துக்கு 15 கிரெடிட் எடுப்பவருக்கு இதே கணக்கில் வாரத்துக்கு 45 மணி நேரம் ஆகும். சமுதாயக் கல்லூரி மாணவர்களில் பெரும்பாலோர் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள். வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை செய்பவருக்கு மொத்தச் சுமை 65 மணி நேரமாகிறது. வேதியியலில் பலர் இடைநிற்பதற்குப் பாடத்தின் கடினம் மட்டும் காரணமன்று. இந்த மணிக்கணக்கும் காரணம்.

ஆய்வக நேரம் நீளமாக இருப்பதால் கால அட்டவணையும் இறுகிவிடுகிறது. வாரத்துக்கு இரு நாள் மூன்று மணி நேரம் தொடர்ந்து ஆய்வகத்தில் இருக்க வேண்டும் என்பது வேலை இடத்தில் எளிதில் ஏற்கப்படுவதில்லை. மாலை நேரப் பிரிவுகளில் இடங்கள் விரைவாக நிரம்புவது இதனால்தான்.

இடம் கிடைத்தல்

விரிவுரை மண்டபத்தில் கூடுதல் நாற்காலி போடலாம். ஆய்வகத்தில் அவ்வாறு செய்ய முடியாது. ஆய்வு மேசைகள், நச்சுப்புகையை வெளியேற்றும் அலமாரிகள், கண் கழுவும் அமைப்புகள் ஆகியவற்றின் எண்ணிக்கைக்கு ஏற்பவே மாணவர்களைச் சேர்க்க முடியும். ஓர் ஆய்வகப் பிரிவில் பொதுவாக இருபது முதல் முப்பது பேர் வரை இருப்பர்.

பாடப் பதிவில் முன்னுரிமை பெரும்பாலும் ஏற்கெனவே அதிகக் கிரெடிட் முடித்தவர்களுக்குத் தரப்படுகிறது. புதிதாகச் சேரும் மாணவரின் முறை வரும்போது 1ஏ பாடத்தில் இடம் இல்லாமல் போகலாம். அவர் காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் பதிவு செய்துவிட்டு முதல் நாள் வகுப்புக்குக் கட்டாயம் செல்ல வேண்டும். முதல் நாள் வராதவர்களின் பெயரை ஆசிரியர்கள் நீக்குவது வழக்கம். அந்த இடங்கள் வகுப்பில் வந்து காத்திருப்பவர்களுக்குக் கிடைக்கும்.

ஆய்வகப் பயிற்சி

பெரிய பல்கலைக்கழகங்களில் பொது வேதியியல் விரிவுரையை நூற்றுக்கணக்கானோர் ஒரே மண்டபத்தில் கேட்பதும், ஆய்வகத்தைப் பட்டமேற்படிப்பு மாணவர்கள் நடத்துவதும் இயல்பு. சமுதாயக் கல்லூரிகளில் பட்டமேற்படிப்பு மாணவர்கள் கிடையாது. முதுநிலை அல்லது முனைவர் பட்டம் பெற்ற ஆசிரியரே விரிவுரையையும் ஆய்வகத்தையும் நடத்துவார். மாணவர் பியூரெட்டைப் பிடிக்கும் விதத்தைப் பார்த்துத் திருத்துபவரும் அவரே. இது இக்கல்லூரிகளின் பெரும் பலமாகக் கருதப்படுகிறது.

முதல் ஆண்டில் செய்யப்படும் சோதனைகளில் காரக் கரைசலின் செறிவைத் துல்லியமாகக் கண்டறிவது முக்கியமானது. சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலுள்ள ஈரத்தையும் கார்பன் டைஆக்சைடையும் உறிஞ்சிக்கொள்வதால் அதை நேரடியாக எடைபோட்டுச் செறிவை உறுதி செய்ய முடியாது. எனவே தூய்மையான, காற்றில் நிலையாக இருக்கும் பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் என்ற அமில உப்பை எடைபோட்டு, அதற்கு எதிராகக் காரக் கரைசல் தரம் பார்க்கப்படுகிறது. இந்த உப்பின் மோலார் நிறை 204.22 கிராம். 0.5106 கிராம் உப்பு 0.002500 மோல் ஆகும். அதை நடுநிலையாக்க 25.00 மில்லிலிட்டர் கரைசல் செலவானால் கரைசலின் செறிவு லிட்டருக்கு 0.1000 மோல். பியூரெட்டின் அளவை 24.50 என்று தவறாகப் படித்துவிட்டால் விடை 0.102 என வரும். அரை மில்லிலிட்டர் பிழை விடையில் 2 விழுக்காட்டுப் பிழையாகிறது. பொருளுறு இலக்கங்கள் பற்றி வகுப்பில் ஏன் அவ்வளவு வலியுறுத்தப்படுகிறது என்பதை மாணவர் இங்கே உணர்கிறார்.

செம்புச் சுழற்சியும் பரவலாகச் செய்யப்படும் சோதனை. செம்புக் கம்பியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, அடுத்தடுத்து ஹைட்ராக்சைடாகவும் ஆக்சைடாகவும் சல்பேட்டாகவும் மாற்றி, இறுதியில் துத்தநாகத்தைச் சேர்த்து மீண்டும் செம்பாகவே பெறுவர். நீலம், கருப்பு, மீண்டும் நீலம், கடைசியில் செம்பழுப்பு என நிறங்கள் மாறும். எடுத்த செம்பு முழுவதும் திரும்பக் கிடைக்க வேண்டும். எவ்வளவு குறைந்தது, எந்தப் படியில் சிந்தியது என்பதை அறிக்கையில் விளக்க வேண்டும். எடுத்ததைவிடக் கூடுதலாகக் கிடைத்தால் பொருள் சரியாக உலரவில்லை என்று அர்த்தம்.

கரிம வேதியியல் ஆய்வகத்தில் சாலிசிலிக் அமிலத்திலிருந்து ஆஸ்பிரின் தயாரித்தல், தேயிலையிலிருந்து காஃபீன் பிரித்தெடுத்தல் போன்றவை தொடக்கப் பயிற்சிகளாகும். தயாரித்த பொருளை மறுபடிகமாக்கித் தூய்மைப்படுத்தி, உருகுநிலை பார்த்து, ஃபெரிக் குளோரைடு சேர்த்துச் சோதிப்பர். ஊதா நிறம் தோன்றினால் சாலிசிலிக் அமிலம் இன்னும் எஞ்சியுள்ளது என்பது தெரியும்.

கருவிகளில்தான் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபாடு அதிகம். அகச்சிவப்பு நிறமாலைமானி பல கல்லூரிகளில் உண்டு. அணுக்கரு காந்த ஒத்ததிர்வுக் கருவி எல்லா இடங்களிலும் இருப்பதில்லை. அது இல்லாத இடங்களில் அச்சிட்ட நிறமாலைகளைக் கொண்டே மாணவர்கள் பயிற்சி பெறுகின்றனர்.

பல்கலைக்கழகத்துக்கு மாறுதல்

சமுதாயக் கல்லூரியில் படித்த பாடத்தைப் பல்கலைக்கழகம் எந்தப் பாடத்துக்கு இணையாக ஏற்கும் என்பதை இரு நிறுவனங்களும் முன்கூட்டியே ஒப்பந்தமாக வெளியிடுகின்றன. கலிபோர்னியாவில் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான இந்த ஒப்பந்தங்கள் அனைத்தையும் அசிஸ்ட் என்ற பொதுத் தரவுத்தளத்தில் காணலாம். கல்லூரி, பல்கலைக்கழகம், பட்டப் பாடம் மூன்றையும் தேர்ந்தெடுத்தால் தேவையான பாடங்களின் பட்டியல் கிடைக்கும். ஃப்ளோரிடா, டெக்சாஸ் மாநிலங்கள் பொதுவான பாட எண் முறையைப் பின்பற்றுவதால் அங்கு இந்தத் தேடல் எளிது. கலிபோர்னியாவிலும் பொதுப் பாட எண்களைக் கொண்டுவர 2021-இல் சட்டம் இயற்றப்பட்டது.

ஒப்பந்தங்களைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல பல்கலைக்கழகங்கள் 1ஏ, 1பி இரண்டையும் சேர்த்து ஒரு தொகுதியாகவே ஏற்கின்றன. இதற்குக் காரணம் கால்பருவ முறை. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் வளாகங்களில் பெர்க்கிலி, மெர்செட் தவிர்த்த இளநிலை வளாகங்கள் ஆண்டைப் பத்து வாரக் கால்பருவங்களாகப் பிரித்துப் பொது வேதியியலை மூன்று பகுதிகளாகக் கற்பிக்கின்றன. சமுதாயக் கல்லூரிகளில் பெரும்பாலானவை அதே பாடத்தை இரண்டு அரையாண்டுப் பருவங்களில் முடிக்கின்றன. இரண்டு பகுதிகளும் மூன்று பகுதிகளும் முழுமையாகப் பொருந்தும். இரண்டில் ஒன்று, மூன்றில் ஒன்றரைக்குச் சமம். ஆனால் அரைப் பாடம் என்று எதுவும் கிடையாது. ஆகவே 1ஏ மட்டும் முடித்துவிட்டு மாறுபவர் பொது வேதியியலைப் பல்கலைக்கழகத்தில் தொடக்கத்திலிருந்தே படிக்க நேரலாம். டி அன்சா, ஃபுட்ஹில் போன்ற சில சமுதாயக் கல்லூரிகள் கால்பருவ முறையில் இயங்குகின்றன. அவற்றிலிருந்து அரையாண்டுப் பருவக் கல்லூரிக்கு நடுவில் மாறுபவருக்கும் இதே சிக்கல் ஏற்படும். தொடங்கிய தொகுதியை அதே கல்லூரியில் முடிப்பதே பாதுகாப்பானது.

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ், எர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் மாற்றுச் சேர்க்கை உறுதித் திட்டத்தைக் கொண்டுள்ளன. குறிப்பிட்ட பாடங்களையும் சராசரி மதிப்பையும் எட்டியவருக்கு இடம் உறுதி. பெர்க்கிலி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ வளாகங்களில் இத்திட்டம் இல்லை.

இலையுதிர் பருவச் சேர்க்கைக்கான விண்ணப்பம் அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியிலேயே முடிந்துவிடுகிறது. இரண்டு ஆண்டுகளில் மாற விரும்புபவர் தம் மூன்றாம் பருவத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். அப்போது அவரிடம் இருப்பது முதல் ஆண்டின் மதிப்பெண்கள் மட்டுமே. பொது வேதியியலில் பெற்ற மதிப்பெண்ணே அவற்றில் முதன்மையாகப் பார்க்கப்படும்.

கட்டணமும் பாடநூலும்

கலிபோர்னியாவில் வசிப்பவர்களுக்குச் சமுதாயக் கல்லூரிக் கட்டணம் 2012 முதல் கிரெடிட்டுக்கு 46 டாலராக இருந்து வருகிறது. 5 கிரெடிட் கொண்ட பொது வேதியியல் பாடத்துக்கு 230 டாலர். அசோசியேட் பட்டத்துக்குத் தேவையான 60 கிரெடிட்டுக்கும் சேர்த்து 2,760 டாலர். தகுதியுள்ள பலருக்கு இதுவும் தள்ளுபடியாகிறது. வெளிமாநிலத்தவரும் வெளிநாட்டு மாணவர்களும் இதைவிடப் பல மடங்கு செலுத்த வேண்டும். வெளிநாட்டு மாணவர்கள் மாணவர் விசா நிபந்தனைப்படி பருவத்துக்குக் குறைந்தது 12 கிரெடிட் படிக்கவும் வேண்டும். எனவே கடினமான பாடத்தை நடுவில் கைவிடும் வசதி அவர்களுக்குக் குறைவு.

பாடநூல் விலை முன்பு கட்டணத்துக்கு நிகராக இருந்தது. ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் திட்டம் பொது வேதியியல் பாடநூலை 2015-இல் இணையத்தில் இலவசமாக வெளியிட்டது. ஜான் மக்மரி எழுதிய கரிம வேதியியல் பாடநூல் பல ஆண்டுகள் வணிகப் பதிப்பாக விற்கப்பட்டது. நுரையீரலைத் தாக்கும் மரபு நோயால் இறந்த தம் மகனின் நினைவாக அதன் பத்தாம் பதிப்பை 2023-இல் அவர் ஓப்பன்ஸ்டாக்ஸ் வழியாக இலவசமாகக் கிடைக்கச் செய்தார். பல சமுதாயக் கல்லூரிகள் இவற்றைப் பயன்படுத்துகின்றன.

விமர்சனங்கள்

சமூகவியலாளர் பர்ட்டன் கிளார்க் 1960-இல் சான் ஹோசே நகரின் இளநிலைக் கல்லூரியை ஆராய்ந்து, இக்கல்லூரிகளின் பேசப்படாத ஒரு பணியைச் சுட்டிக்காட்டினார். எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் கல்லூரி எல்லோரையும் பட்டம் வரை கொண்டு செல்வதில்லை. தயார்நிலைப் பாடங்கள், ஆலோசனைகள் என ஒவ்வொரு கட்டத்திலும் மாணவரின் உயர்ந்த எதிர்பார்ப்பு மெல்லத் தணிக்கப்பட்டு, அவர் குறைந்த இலக்கை ஏற்கப் பழக்கப்படுத்தப்படுகிறார் என்பது அவரது வாதம். மருத்துவராக எண்ணி வந்தவர் வேதியியலில் தடுமாறி வேறு பாடத்துக்குத் திரும்புவது இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு.

இதற்கு மாற்றுக் கருத்தும் உண்டு. சமுதாயக் கல்லூரி இல்லையெனில் அந்த மாணவருக்கு வேதியியல் ஆய்வகத்தில் நுழையும் வாய்ப்பே கிடைத்திராது என்பது அக்கருத்து. தடுமாறுபவரைத் திருப்பி அனுப்பும் முறையை மாற்றும் முயற்சிகளும் நடந்துள்ளன. கலிபோர்னியாவில் 2017-இல் இயற்றப்பட்ட சட்டம், கணிதத்திலும் ஆங்கிலத்திலும் மாணவர்களைத் தேவையின்றி நீண்ட தயார்நிலைப் பாடங்களில் அமர்த்துவதைக் கட்டுப்படுத்தியது.

பல்கலைக்கழகத்துக்கு மாறியவர்களின் மதிப்பெண் முதல் பருவத்தில் குறைவதை ஜான் ஹில்ஸ் 1965-இல் மாறுதல் அதிர்ச்சி எனப் பெயரிட்டு விவரித்தார். சிறிய வகுப்பில் ஆசிரியரிடம் நேரடியாகக் கேட்டுப் பழகியவர் நூற்றுக்கணக்கானோர் உள்ள மண்டபத்தில், விரைவாக நகரும் கால்பருவத்தில் தடுமாறுவது இயல்பு. அமெரிக்க வேதியியல் கழகத்தின் தரப்படுத்தப்பட்ட தேர்வைப் பருவ இறுதித் தேர்வாகப் பயன்படுத்தும் கல்லூரிகளில், மாணவர் தம் நிலையை நாடு முழுவதும் உள்ள மாணவர்களுடன் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. மாறுவதற்கு முன்பே குறைகளை அறிய அது உதவுகிறது.

தொழில்நுட்பப் படிப்புகள்

எல்லா மாணவர்களும் பல்கலைக்கழகத்துக்குச் செல்வதில்லை. டெக்சாஸ் வளைகுடாக் கரையில் பெட்ரோலிய வேதித் தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. அப்பகுதிக் கல்லூரிகள் ஆலைகளை இயக்குவோருக்கான செயல்முறைத் தொழில்நுட்பம் என்ற ஈராண்டுப் படிப்பை நடத்துகின்றன. பம்புகள், வால்வுகள், வடிகட்டும் கோபுரங்கள், கட்டுப்பாட்டு அறை ஆகியவற்றின் இயக்கம் இதில் கற்பிக்கப்படுகிறது. கலிபோர்னியாவில் உயிர்த்தொழில்நுட்ப நிறுவனங்கள் மிகுந்த பகுதிகளில் ஆய்வக உதவியாளர் பயிற்சிகள் உள்ளன. அம்மாநிலத்தின் மிராகோஸ்டா கல்லூரி உயிரி உற்பத்தித் துறையில் நான்காண்டுப் பட்டமே வழங்குகிறது. ஆனால் இத்தொழிற்படிப்புகளின் வேதியியல் பாடங்கள் பல்கலைக்கழக வரிசைக்கு இணையாக எப்போதும் ஏற்கப்படுவதில்லை. பின்னாளில் பட்டம் பெறும் எண்ணமுள்ளவர் இதைச் சேரும்போதே கேட்டறிய வேண்டும்.

குறிப்பிடத்தக்க மாணவர்கள்

1984-ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்ற புரூஸ் மெரிஃபீல்டு 1939-இல் பள்ளிப் படிப்பை முடித்துப் பாசடீனா இளநிலைக் கல்லூரியில் சேர்ந்தார். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்துக்கு மாறி அங்கே வேதியியல் பட்டமும், 1949-இல் முனைவர் பட்டமும் பெற்றார். அமினோ அமிலச் சங்கிலியின் ஒரு முனையை நுண்ணிய பிசின் மணிகளில் பிணைத்து, ஒவ்வொரு படிக்குப் பிறகும் வேண்டாதவற்றைக் கழுவி நீக்கிப் புரதத் துண்டுகளைக் கட்டியெழுப்பும் முறையை அவர் 1963-இல் வெளியிட்டார். ஒவ்வொரு படியிலும் இடைப்பொருளைத் தனியே பிரித்துத் தூய்மைப்படுத்தும் நெடும் உழைப்பை அம்முறை தவிர்த்தது. பெப்டைடு மருந்துகளின் தயாரிப்பில் இன்றும் அது பயன்படுகிறது.

மனித மரபணுத் தொகுதியை வாசித்த இரு பெரும் முயற்சிகளில் ஒன்றுக்குத் தலைமை தாங்கிய கிரெய்க் வென்டர், வியட்நாம் போரில் கடற்படை மருத்துவ உதவியாளராகப் பணியாற்றித் திரும்பிய பின் சான் மாட்டேயோ கல்லூரியில் தம் உயர்கல்வியைத் தொடங்கினார். பின்னர் சான் டியாகோ வளாகத்துக்கு மாறி 1972-இல் உயிர்வேதியியலில் இளநிலைப் பட்டம் பெற்றார். மெரிஃபீல்டு படித்த கல்லூரி இன்று பாசடீனா நகரக் கல்லூரி என்ற பெயரில் இயங்குகிறது.